கடலில் இருந்து நேராகத் திருமலைக்கு

எனக்கு வந்தது பக்கவாதம் இல்லை. குடித்துவிட்டு எங்கும் விழவும் இல்லை. நகரியில் பாதிப் பேர் முதலாவதையும் மீதிப் பேர் இரண்டாவதையும் நம்பிக்கொண்டிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இனி வருகிறவர்களிடம் இதை நீட்டிவிட்டு நான் பாட்டுக்குக் காபி குடிக்கலாம் என்று உத்தேசம்.

ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. மனைவி ரேவதியும் நானும் சத்தியவேட்டில் குடியிருக்கிறோம். அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவருக்கு நகரியில் விசைத்தறி. எங்கள் பக்கம் ஏரியில் குளித்தாலே பெரிய நீச்சல்காரன் என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த எனக்கு, சென்னையில் இருந்து தினமும் வேலைக்கு வந்துபோகும் பிரபு என்கிற நண்பன் ஸ்கூபா பித்தைப் பிடிக்க வைத்தான். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய்த் திரிகிற விளையாட்டு அது. பாண்டிச்சேரியில் கற்றுக்கொண்டோம். விடுமுறை கிடைத்தால் அங்கே ஓடினோம்.

வந்த நோய் புரிய வேண்டுமானால் சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணமாக அதில் இருப்பது நாம் மூச்சுவிடுகிற இதே காற்றுதான். ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு; மீதி ஏறக்குறைய முழுவதும் நைட்ரஜன். ஆழத்தில் தண்ணீர் நம்மை அழுத்தும்போது அந்த நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து உட்கார்ந்துகொள்ளும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் கோலி சோடாவைத் திறந்த கதைதான், உடம்புக்குள்ளேயே குமிழி கிளம்பும். இதற்காகவே ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்து நைட்ராக்ஸ் என்று ஒரு கலவை வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. நானும் பிரபுவும் அதையும் முடித்திருந்தோம்.

அந்தக் கலவை இரண்டில் ஒன்றைத் தரும். வழக்கமான நேரம் மட்டும் கீழே இருந்தால் பத்திரம் கூடும். அல்லது அதே பத்திரத்தோடு கூடுதல் நேரம் கீழே இருக்கலாம். நான் என்னவோ இரண்டையும் சேர்த்துத் தரும் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை காலையில் இருந்து மத்தியானம் வரை மூன்று முறை முங்கினோம். ஒவ்வொரு முறையும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்க்கக் கையில் கட்டியிருந்த குட்டிக் கணினி அனுமதித்த கடைசி நிமிடம் வரை கீழேயே இருந்தோம். நைட்ராக்ஸ் இருக்கிறதே என்ற தைரியம்.

மறுநாள் விடியற்காலை எனக்குத் திருமலையில் வேலை இருந்தது. என் தங்கை தேவியைச் சித்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் பிள்ளைக்கு ஒரு வயது. மொட்டை அடிக்கப் போகிறார்கள். தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் வராமல் தப்பிக்கலாம், மாமன் தப்பிக்க முடியாது. அதிலும் இந்தப் பிள்ளை கொடி சுற்றிப் பிறந்தது. பிறக்கும்போது தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தால் அந்தப் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பிறந்தபோதே அதற்கான பரிகாரமாகக் கிண்ணத்து எண்ணெயில் அதன் முகத்தைக் காட்டித்தான் என்னைப் பார்க்க வைத்தார்கள். மிச்சம் மீதி தோஷமும் போகட்டும் என்று தேவியின் மாமியார் திருமலை மொட்டைக்கு வேண்டிக்கொண்டிருந்தார். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கிண்ணத்தில் ஆடிய முகத்தைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன், பிள்ளையும் அழகாகத்தான் இருந்தது.

கடலில் முங்கினால் ஒரு முழு நாள் விமானம் ஏறக்கூடாது என்பது முதல் பாடம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகும். எனக்கு இது மனப்பாடம். அன்று ராத்திரியே திருமலைக்குக் காரில் போகும்போது ரேவதியிடம் நல்ல வேளை நமக்கு விமானப் பயணம் இல்லை என்று பெருமையாக வேறு சொன்னேன். பாடப் புத்தகத்தில் மலை ஏறக்கூடாது என்றும் இருந்தது. மலை என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஊட்டி. திருமலையை நான் பிறந்ததில் இருந்து ஒரு மலையாக நினைத்ததே இல்லை. எங்களுக்கு அது கோயில். மாமா வீட்டுக்குப் போவது போல வருஷத்துக்கு இரண்டு தரம் போய்விட்டு வருவோம். அது எவ்வளவு உயரம் என்று எங்கள் பக்கம் யாராவது யாரையாவது கேட்டு நான் பார்த்ததில்லை.

மலைப்பாதை வளைவுகளில் தோள்பட்டை வலிக்க ஆரம்பித்தது. சிலிண்டர் தூக்கிய வலி என்றேன். தலை சுற்றியது. வளைவுகளால் வந்தது என்றாள் ரேவதி. விடியற்காலை மொட்டை போடும் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினேன். அது ஊரையே கூட்டியது. நாவிதர் சளைக்காமல் வழித்து முடித்தார். எல்லோரும் எழுந்தார்கள், என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துவிட்டது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மருமகன் மாமனை அமுக்கிவிட்டான் என்று தேவியின் கணவர் கிண்டல் செய்துகொண்டே கைகொடுத்துத் தூக்கினார். நானும் சிரித்தேன். இரண்டு எட்டு வைத்தபோது வலது கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கீழே இறங்கி வந்ததும் கொஞ்சம் தேவலை போல இருந்தது. மலை அடிவாரத்தில் அலிபிரியில் காரை நிறுத்தி இட்லி கூடச் சாப்பிட்டேன். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். மேலே மோசமாகி, கீழே குறைகிற நோய் எது? பசி மயக்கம் என்றார் ஒருவர். நைனா மட்டும் சிரிக்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுநீர் கழிக்கப் போனேன். வயிறு முட்டிக்கொண்டிருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவசரப் பிரிவு. சிரிக்கச் சொன்னார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள், பேர் கேட்டார்கள். பக்கவாதம் இல்லை என்றார்கள். பிறகு இருக்கலாம் என்று தலையை ஸ்கேன் செய்தார்கள். தலையில் ஒன்றும் இல்லை. முதுகெலும்பில் தட்டு நகர்ந்திருக்கும் என்றார் ஒருவர். நரம்பைத் தாக்கும் ஒருவகைக் காய்ச்சல் என்றார் இன்னொருவர், ஆனால் எனக்குக் காய்ச்சல் இல்லை. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தள்ளினார்கள். அதில் நடு முதுகுத் தண்டில் லேசான நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, இன்னதென்று சொல்ல முடியாது என்று வந்தது. சிறுநீர்க் குழாய் செருகினார்கள். ஒரு ஊசியால் பாதத்தில் குத்திக் குத்தித் தெரிகிறதா என்று கேட்டார்கள். இடது காலில் தெரிந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை. மத்தியானத்துக்குள் இடது பாதத்திலும் தெரியாமல் போனது. காலை வேளையில் எனக்கிருந்த கவலை வலது கால். சாயங்காலம் என் கவலை, இனி நடப்பேனா என்பது.

நடுவில் ஒரு இளம் டாக்டர் முந்தின நாள் எங்கே இருந்தேன் என்று தெலுங்கில் கேட்டார். பாண்டிச்சேரி என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. எங்கள் பக்கத்து ஆண்கள் பாண்டிக்கு எதற்குப் போவார்கள் என்பது உலகம் அறிந்தது. எவ்வளவு என்று கேட்டார். மூன்று என்றேன், மூன்று முறை முங்கியதை மனதில் வைத்துக்கொண்டு. அவர் தலையை ஆட்டிவிட்டு, குடிக்கிறவர்களுக்குப் போடும் வைட்டமின் டிரிப்பை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். நான் வாழ்க்கையில் ஒரு பீர் குடித்தவன் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த நைனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பரவால்ல வுடுடா, இன்னிமே குடிக்காத" என்றார். அவர் அதைச் சொல்லிவிட்டு என் உணர்ச்சியில்லாத பாதத்தைத் தேய்த்துவிட ஆரம்பித்தார். அவர் தேய்ப்பதைப் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.

கட்டிலுக்கும் நடைவழிக்கும் இடையே ஒரு துணித்திரை. அதற்கு அந்தப் பக்கம் தேவியின் மாமியார் குரல் கேட்டது. கொடி சுற்றிய பிள்ளை என்றும், மடியில் வைத்த உடனே என்றும், அன்றைக்கே ஜோசியர் சொன்னார் என்றும் யாரிடமோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. எனக்காகக் காலையில் இருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர். திரை விலகியபோது தேவியைப் பார்த்தேன். பிள்ளையின் சந்தனம் பூசிய மொட்டைத் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடைவழியின் கடைசியில் நின்றாள். கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. பிள்ளையின் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

நான் எழுந்திருக்காமல் போனால் அந்தப் பிள்ளை மாமனை முடக்கியவன் என்ற பேரோடு வளரும். எனக்கு என்ன வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், அது எவ்வளவு பெரிய வியாதியாக இருந்தாலும் சரி என்று தோன்றியது.

இரவு உணவு நேரத்தில் நரம்பு டாக்டர் வந்தார், நடுத்தர வயது அம்மா. எல்லாக் காகிதத்தையும் பார்த்துவிட்டு, பாண்டிக்கு எதற்குப் போனீர்கள் என்று என்னிடம் கேட்கவில்லை, ரேவதியிடம் கேட்டார். ரேவதி அதுவரை மருந்துக் கடைக்கும் ஸ்கேன் அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தவள், வைட்டமின் கதை அவளுக்குத் தெரியாது.

"கடல்ல முங்கறதுக்கு மேடம். சிலிண்டர் கட்டிக்கினு போவாரு."

டாக்டர் பேனாவை மூடினார். கடைசியாகத் தண்ணீரை விட்டு வந்தது எப்போது, மலை ஏறியது எப்போது என்று கேட்டார். மத்தியானம், அன்றைக்கு ராத்திரியே என்றேன். எதற்கு மலையைப் பற்றிக் கேட்கிறார் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. காரில்தான் போனோம் மேடம், விமானம் இல்லை என்று விளக்கம் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. உங்கள் ரத்தத்துக்குக் காரும் ஒன்றுதான், விமானமும் ஒன்றுதான், உயரம்தான் கணக்கு என்றார்.

அதற்குப் பெயர் அழுத்தம் குறைவதால் வரும் நோய். நைட்ரஜன் குமிழிகள் என் முதுகுத் தண்டின் ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பை வைத்த முகமூடியைப் போட்டுச் சுத்த ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்கள். நைட்ரஜனே இல்லாத மூச்சு உள்ளே போனால் உடம்பில் இருக்கும் நைட்ரஜன் சீக்கிரம் வெளியேறும். ஆனால் முழு வைத்தியத்துக்கு அழுத்த அறை வேண்டும், அது சென்னையில். தேவியின் கணவர் ரேணிகுண்டாவில் இருந்து விமானத்தில் கொண்டுபோகலாமா என்று கேட்டார். பாவம், அவரும் என்னைப் போலத்தான். டாக்டர் பொறுமையாக மறுபடி முதலில் இருந்து சொன்னார்.

அப்படியும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. நைட்ரஜன் குறைந்த கலவையைத்தானே எடுத்தேன்? குறைந்த உப்புச் சாம்பார் என்று இரண்டு மடங்கு ஊற்றிச் சாப்பிட்டால் உப்பு எங்கே குறையும் என்றார் டாக்டர். பிரபுவும் என் கூடவே முங்கினான், அவன் சென்னையில் கல்லு மாதிரி இருக்கிறான். அவன் மலை ஏறவில்லை. சரி, ஏறியிருந்தால் அவனுக்கும் வந்திருக்குமா? வந்தாலும் வரும், வராவிட்டாலும் வராது என்றார். அறிவியல் இப்படிப் பேசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் புத்தூர், நகரி வழியாகத்தான் போனது. என் வீட்டுத் தெரு முனையைப் படுத்தபடியே கடந்தேன். நைனா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியில் இன்சூரன்ஸ்காரர் போனில் வந்து, இது விபத்தா நோயா என்று ரேவதியிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். முகமூடிக்குள் இருந்து தெரியாது என்று கையை விரித்தேன்.

அழுத்த அறை என்பது பெரிய இரும்பு உருளை. பால் டேங்கர் லாரியின் பின்பக்கத்தைக் கழற்றி உள்ளே கட்டில் போட்டது போல இருக்கும். உள்ளே காற்றை ஏற்றிக் கடலின் ஆழத்து அழுத்தத்துக்குக் கொண்டுபோவார்கள். குமிழிகள் சுருங்கும், கரையும். பிறகு மணிக்கணக்கில் மெதுவாக மேலே கொண்டுவருவார்கள். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். பதினெட்டு மீட்டர். மூச்சுக்கு என்ன கலவை என்று கேட்டேன். சுத்த ஆக்சிஜன்.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நைட்ராக்ஸ் பயிற்சியில் எங்கள் தலையில் அடித்து அடித்துச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. ஆழத்தில் ஆக்சிஜன் அதிகமானால் விஷம், வலிப்பு வரும். சுத்த ஆக்சிஜனோடு ஆறு மீட்டருக்குக் கீழே போகாதே. என்னைக் கொல்வது எது என்று படித்து, தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அதையேதான் மருந்து என்று கொடுக்கப் போகிறார்கள். உள்ளே போகமாட்டேன் என்றேன். நைனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அழுத்த அறை டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். என்னைத் திட்டவில்லை.

"நீங்க படிச்சது சரிதான் சார். தண்ணியில வலிப்பு வந்தா வாயில இருக்கற மூச்சுக் குழாய் கழண்டுடும், மூழ்கிடுவீங்க. இங்க வந்தா மாஸ்க்கை எடுத்துடுவோம், நின்னுடும். நடுநடுவுல சாதாரணக் காத்தும் குடுப்போம். உள்ள உங்க கூடவே ஒருத்தர் உக்காந்திருப்பாரு."

கடலில் அது விஷம், இங்கே மருந்து. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்துகொண்டுதான் உள்ளே போவேன் என்று இருந்தால் கால் போய்விடும் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. கம்பியை விட்டேன்.

கதவு மூடியதும் கடலில் இறங்கும்போது போலவே காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்தேன். அறை சூடானது. ஒவ்வொரு மூச்சையும் பயந்து பயந்து இழுத்தேன், விரல் துடிக்கிறதா, உதடு துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே. கூட இருந்த உதவியாளர் தன் மகளின் பள்ளிக்கூட வேன் பிரச்சினையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு இடது கட்டைவிரலில் சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்தேன். அறைக்குள் ஏது எறும்பு? நான் அழுததைப் பார்த்துவிட்டு அவர் பதறி மாஸ்க்கை எடுக்க வந்தார். வேண்டாம், வலிக்கிறது, வலிக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அப்புறம் தினமும் அந்த உருளைக்குள் போனேன். இடது கால் முழுதாகத் திரும்பியது. சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். வலது கால் மெல்ல மெல்ல வந்தது. வாக்கர் பிடித்து நடந்தேன். வலது பாதத்தில் சூடும் குளிரும் இன்றுவரை தெரிவதில்லை. வரலாம் என்கிறார்கள், வராமலும் போகலாம் என்கிறார்கள். இந்தப் பதிலுக்கு இப்போது பழகிவிட்டேன்.

வாக்கரில் நடக்க ஆரம்பித்த பிறகு தேவி சித்தூரில் இருந்து வந்தாள். தனியாகத்தான் அறைக்குள் வந்தாள். பிள்ளை எங்கே என்றேன். கீழே நைனாவிடம் இருக்கிறான் என்றாள். ஏன் என்றேன்.

"ஒரு வருஷம் உன் கண்ணுல அவனக் காட்டக்கூடாதாம்ணா. அத்தை சொல்லிட்டாங்க. எனக்கும் பயமாகீது."

தேவியின் மாமியாருக்கு அவள் போனிலேயே கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, சிலிண்டரில் இருந்து சோடா பாட்டில் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் கேட்டார்:

"தம்பி, அந்தக் கொமிழிக்குண்டான வாயு சனிக்கெழம மத்தியானமே உன் ஒடம்புல இருந்துச்சு இல்ல?"

"இருந்துச்சு அத்தே."

"வழியெல்லாம் சும்மா இருந்துட்டு, எம் பேரன் மடியில உக்காந்தப்புறம் ஏன் கெளம்புச்சு?"

"அதுக்கு முன்னியே கெளம்பிடுச்சு அத்தே. வண்டியிலயே தோள் வலிச்சுது. மேல போனதாலதான். அங்க காத்தோட அழுத்தம் கம்மி."

"அப்போ சாமி மலைதான் உன்னப் படுக்க வெச்சுதுன்னு சொல்றியா?" என்றார்.

தேவி என்னையே பார்த்தாள். ஆம் என்றால் ஏழுமலையானைக் குற்றம் சொன்னவன் ஆவேன், இல்லை என்றால் பழி மறுபடி பிள்ளை மேல் விழும். அழுத்தம், குமிழி, கலவை என்று நான் படித்த எதுவும் அங்கே உதவிக்கு வரவில்லை.

"இல்ல அத்தே. மலை மேலயும் தப்பு இல்ல, கொழந்த மேலயும் தப்பு இல்ல. கடல்ல இருந்து வந்தவன் ஒரு நாள் கீழயே கெடந்துட்டு ஏறியிருக்கணும். புத்தகத்துல போட்டிருந்துச்சு. நான்தான் கேக்காத ஏறினேன்."

"யாரு கேட்டாலும் உன் வாயால இத்தையே சொல்லுவியா? எங்க சொந்தக்காரங்க கேட்டாலும்?"

"சொல்றேன் அத்தே."

அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்ட ஆரம்பித்தார். படித்தவனாம், பெரிய கம்பெனியாம், பெண்டாட்டியை வைத்துக்கொண்டு கடலுக்கடியில் என்ன வேலையாம், பச்சைப் பிள்ளைக்கு எவ்வளவு கெட்ட பேராம். நிறுத்தாமல் திட்டினார். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் அத்தே என்றேன். கடைசியில், பிள்ளைக்குப் பசிக்கும், தேவியைப் போய்ப் பார்க்கச் சொல்லு என்று வைத்துவிட்டார். ஒரு வருஷம் காட்டக்கூடாது என்ற பேச்சையே எடுக்கவில்லை.

தேவி கீழே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், பால் கொடுத்தாள், கட்டிலில் என் பக்கத்தில் சுவரோரமாகப் படுக்க வைத்தாள். மொட்டைத் தலையில் முடி முள்ளு முள்ளாக வளர்ந்திருந்தது. அவன் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.